கொல்லரின் பேரேட்டைக் கூட்டிப் பார்க்காதீர்கள்

கடந்த மாதம், இல்லினாய் மாநிலத்துச் சிறு நகரம் ஒன்றின் வரலாற்றுச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் என்னிடம் ஓர் எக்செல் தாளைக் காட்டினார்கள். 1850களில் அந்த ஊரில் சேணம் தைத்து விற்றவரின் கணக்குப் புத்தகத்தை வரி வரியாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். இரண்டு மாத உழைப்பு. கடைசி வரியில் ஒரு கூட்டுத்தொகையும் அதன் எதிரே "ஆண்டு வருமானம்" என்ற சொல்லும் இருந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே கடைசி வரியை நானும் எழுதியிருக்கிறேன்.

அமெரிக்காவின் மத்திய மேற்கில் அன்று ஊர்கள் வளர்ந்த வேகம் மலைக்க வைப்பது. 1850-இல் முப்பதாயிரம் பேர்கூட இல்லாத சிகாகோ, 1860-இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இல்லினாயின் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு 1840-இல் 2,579 பேர். இருபது ஆண்டுகளில் 9,320. அந்த ஊர்களின் குதிரைகளுக்கு லாடம் அடித்தவர்கள், வண்டி செய்தவர்கள், பீப்பாய் கட்டியவர்கள் பற்றி எழுதப் பலர் முன்வருவது எனக்கு உண்மையான மகிழ்ச்சி. பழைய கையெழுத்தைத் தவறாகப் படிப்பது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஆளையே தவறாகக் காட்டிவிடும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

பற்றுப் பக்கத்தைக் கூட்டி "வருமானம்" என்பது

நான் எழுதியது ஒரு கொல்லரைப் பற்றி. பேரேட்டின் இடது பக்கங்களில், அதாவது பற்றுப் பக்கங்களில், அவர் செய்த வேலைகள் இருந்தன: லாடம் கட்டியது, கலப்பைக் கொழுவைக் காய்ச்சித் தட்டியது, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டது. எதிரே டாலரும் சென்ட்டும். ஓராண்டுக்குரியதைக் கூட்டினேன். நல்ல தொகை வந்தது. "ஊரின் வசதியான கைவினைஞர்களில் ஒருவர்" என்று எழுதினேன். அது ஊரின் ஆண்டு விழா மலரில் அச்சாகி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு மூதாட்டி சங்கத்துக்கு வந்தார். கொல்லரின் கொள்ளுப்பேத்தி. "அவர் கடனோடு செத்தார் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். வசதியானவர் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை எல்லாம் அவருடைய மனைவிதான் தொலைத்துவிட்டாளா என்று என் மகன் கேட்கிறான்" என்றார். கணவர் போன பிறகு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பெண் அந்த மனைவி. நூறாண்டுக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்ட அந்தத் தாயின் மீது, நான் செய்த ஒரு கூட்டல் கணக்கு பழி சுமத்தியிருந்தது. இன்றும் நினைத்தால் எனக்கு என் மீதே கோபம் வருகிறது.

பதில் அதே பேரேட்டில் நான் புரட்டாமல் விட்ட வலது பக்கத்தில் இருந்தது. வாடிக்கையாளர்கள் கூலிக்கு ஈடாகக் கொடுத்தவை அங்கே இருந்தன: மக்காச்சோளம் இத்தனை மரக்கால், உப்பிட்ட பன்றி இறைச்சி, இரண்டு வண்டி விறகு, ஒரு நாள் உழவு. ரொக்கம் என்ற சொல் எப்போதாவதுதான் கண்ணில் பட்டது. விவசாயியின் கையில் காசு புரள்வது அறுவடை முடிந்து, பன்றிகளை விற்ற பிறகுதான். அதுவரை கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து பற்றையும் வரவையும் நேர் செய்வார்கள். மீதி நின்றால் அதற்குப் புரோநோட்டு. அந்த நோட்டும் பெட்டியில் தூங்காது. வைத்திருப்பவர் அதன் பின்புறம் கையொப்பமிட, அடுத்தவர் கைக்குப் போகும்.

இதன் ஆபத்துக்கு எல்லோரும் அறிந்த சாட்சி ஆபிரகாம் லிங்கன். இல்லினாயின் நியூ சேலத்தில் வில்லியம் பெர்ரியோடு கூட்டாக அவர் நடத்திய கடையின் சரக்கு பெரும்பாலும் புரோநோட்டுக்கு வாங்கியது. கடை நொடித்தது, 1835-இல் பெர்ரியும் இறந்தார். ஏறக்குறைய 1,100 டாலர் கடன் லிங்கன் தலையில் விழுந்தது. நில அளவைக்கு அவர் வைத்திருந்த கருவிகளும் குதிரையும்கூட ஏலத்துக்குப் போயின. ஒரு நண்பர் ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்ததால் பிழைப்பு நடந்தது. கடனை அடைத்து முடிக்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

கொல்லருக்கு நெருக்கடி இன்னொரு பக்கமும் இருந்தது. அவருக்கு வருவது சோளம். இரும்பு விற்கும் மொத்த வியாபாரிக்குச் சோளம் வேண்டாம். தவணை நாளில் பணம் வேண்டும். அந்தப் பணமும் ஒரே மாதிரியானதல்ல. 1863-இல் தேசிய வங்கிச் சட்டம் வரும்வரை நோட்டுகளை அச்சிட்டவை பெரும்பாலும் மாநில அனுமதி பெற்ற தனித்தனி வங்கிகள். தொலைதூர வங்கியின் நோட்டு என்றால் முகமதிப்பில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டுதான் வாங்குவார்கள். எந்த வங்கி நிற்கிறது, எது விழுந்தது, எந்த நோட்டு கள்ளநோட்டு என்று சொல்ல அன்று தனி இதழ்களே வெளிவந்தன. 1857 ஆகஸ்டில் ஒஹாயோ லைஃப் என்ற நிதி நிறுவனம் விழுந்து பீதி பரவியது. 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, தென் மாநிலங்களின் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து நோட்டு அடித்திருந்த இல்லினாய் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. பேரேட்டில் பத்து டாலர் என்று எழுதியிருப்பதைப் பத்து டாலர் என்றே படிக்க முடியாத காலம் அது.

மூதாட்டி கொண்டு வந்த நீதிமன்ற வாரிசுரிமைக் கோப்பில்தான் எல்லாம் முடிச்சவிழ்ந்தது. ஒருவர் இறந்ததும் மதிப்பீட்டாளர்கள் அவருக்கு வரவேண்டிய கடன்களை மூன்றாகப் பிரித்து எழுதுவார்கள்: தேறும், சந்தேகம், தேறாது. என் கொல்லருக்கு வரவேண்டியதில் பெரும்பகுதி மூன்றாவது வகையில் இருந்தது. நான் "வருமானம்" என்று கூட்டியது ஊரார் அவருக்குக் கொடுக்காமல் விட்ட கூலி.

ஆகவே, ஒரு பேரேடு கையில் கிடைத்தால் தொகையைத் தொடாதீர்கள். முதலில் ஒரே ஒரு வாடிக்கையாளரை எடுத்துக்கொண்டு இடது பக்கம், வலது பக்கம், நேர் செய்த வரி என்று மூன்றையும் படியுங்கள். நேர் செய்த வரியே இல்லையென்றால் அந்த ஆள் ஊரை விட்டுப் போய்விட்டாரா என்று பாருங்கள். அப்படிப் போனவர்கள் ஏராளம். பிறகு வாரிசுரிமைக் கோப்பைத் தேடுங்கள். கூட்டல் அதற்குப் பிறகு.

பேரேட்டில் "டி.ஆர்." (Dr.) என்றால் டாக்டர் என்று நினைப்பது

பற்று. அவ்வளவுதான்.

வென்றவர்களை வைத்து மற்றவர்களை அளப்பது

கொல்லர் என்றதும் எல்லோரும் ஜான் டியரிடம் ஓடுகிறார்கள். 1836-இல் வெர்மான்ட்டிலிருந்து கடனோடு வந்தார், 1837-இல் இல்லினாயின் கிராண்டு டிட்டூரில் ஒட்டும் மண் வழுக்கி விழும்படி எஃகுக் கலப்பை செய்தார், 1848-இல் மோலினுக்குப் போய்ப் பெருந்தொழில் கண்டார். எல்லாம் உண்மை. ஆனால் அவருக்கு ஒப்பாக உங்கள் ஊர்க் கொல்லரை நிறுத்தி, "இவருக்கு ஊக்கம் போதவில்லை" என்று எழுதாதீர்கள். இண்டியானாவின் சவுத் பெண்டில் 1852-இல் உலை வைத்து, பின்னர் வண்டித் தொழிலில் பெயர் பெற்ற ஸ்டூடபேக்கர் சகோதரர்களைப் பாருங்கள். கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கக்காரர்களுக்குத் தள்ளுவண்டி செய்து விற்ற தம்பி ஜான், 1858-இல் 8,000 டாலரோடு திரும்பிய பிறகுதான் அந்தப் பட்டறை பெரிதானது. திறமை பல பட்டறைகளில் இருந்தது. ரொக்கத்தோடு வந்து இறங்கும் தம்பி எத்தனை பேருக்கு வாய்ப்பான்?

மாவட்ட வரலாற்று நூல்களில் உள்ள வாழ்க்கைக் குறிப்புகளை நம்புவது

1870களிலும் 80களிலும் வந்த கனமான நூல்கள் பெரும்பாலும் சந்தா கட்டியவர்களை நம்பி அச்சானவை. பல குறிப்புகளில் உள்ளது, அவரவர் தம்மைப் பற்றிச் சொன்னதுதான். பிறந்த ஊருக்கும் குடிவந்த ஆண்டுக்கும் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலைப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் பட்டறையே இல்லை என்பது

1850 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு எடுத்த அந்தப் பட்டியலில் ஆண்டுக்கு 500 டாலருக்குக் குறைவாக உற்பத்தி செய்தவர்களைச் சேர்க்கவில்லை.

மனைவிக்குத் தொழில் இல்லை என்று எழுதுவது

1850 கணக்கெடுப்பு பதினைந்து வயது தாண்டிய ஆண்களின் தொழிலை மட்டுமே கேட்டது. பெண்ணுக்கு எதிரே கட்டம் வெறுமையாக இருக்கிறதென்றால் யாரும் கேட்கவில்லை என்று பொருள். அதே வீட்டில் வேறு குடும்பப் பெயரோடு இரண்டு இளைஞர்கள் பதிவாகியிருந்தால் அவர்கள் பெரும்பாலும் பட்டறையில் வேலை செய்தவர்கள் அல்லது தொழில் பழகியவர்கள். அவர்களுக்குச் சமைத்தது யார், துணி துவைத்தது யார்? கூலியில் ஒரு பகுதி சோறும் படுக்கையுமாகக் கொடுக்கப்பட்டது என்றால், அந்தப் பகுதியை உழைத்துக் கொடுத்தவர் அந்தப் பெண். என் கொல்லரைப் பற்றித் திருத்தி எழுதியபோது முதல் பத்தியை அவருடைய மனைவிக்குக் கொடுத்தேன். மூதாட்டி அதன் பிரதிகளை ஐந்து கேட்டு வாங்கிக்கொண்டார்.

1890 கணக்கெடுப்பைத் தேடி மாதக்கணக்கில் அலைவது

பெரும்பகுதி இல்லை. 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் சேதமடைந்து, பின்னர் அழிக்கப்பட்டுவிட்டது. அந்த ஆண்டுகளுக்கு ஊர் முகவரிப் புத்தகங்களைப் பாருங்கள்.