பழைய மினி காருக்குக் கூடுதல் டிரைவிங் லைட்: ஒயரிங் செய்வது எப்படி?

நான் வாங்கும்போதே என் மினியின் முன்னால் இரண்டு டிரைவிங் லைட் (ஹை பீமோடு சேர்ந்து எரியும் கூடுதல் விளக்கு) மாட்டியிருந்தது. மூன்றாவது மாதம், வேல்ஸ் பக்கம் ஒரு மலைப்பாதையில் இரவில் போய்க்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாடை. நிறுத்தி பானெட்டைத் திறந்தால், லைட்டுக்குப் போகும் ஒயர் தகட்டு விளிம்பில் உரசி உரசித் தோல் தேய்ந்து, ஷார்ட் ஆகி, பக்கத்து ஒயர்களையும் சேர்த்து உருக்கியிருந்தது. வழியில் ஃபியூஸ் என்று ஒன்றுமே இல்லை. ஒரு ஃபியூஸ் இருந்திருந்தால் அது மட்டும் போயிருக்கும், நானும் வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். அதன்பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்தேன். ஒரு சனிக்கிழமை போதும், யாரும் செய்யலாம்.

லைட் வாங்கும் முன் ஒரு கணக்கு. 55 வாட் ஹாலஜன் இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்ப். ஹெட்லைட் இரண்டிலும் 60 வாட் பல்பு போட்டிருந்தால் ஹை பீமில் அவை தனியாக 10 ஆம்ப் இழுக்கும். ஆக விளக்குக்கு மட்டுமே 19. பழைய மினிகளில் இருக்கும் லூகாஸ் சி40 டைனமோ (இன்ஜின் ஓட்டத்தில் கரண்ட் தயாரிக்கும் கருவி) முழு வேகத்திலேயே 22 ஆம்ப்தான் கொடுக்கும், வண்டி ஐடிலில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றும் கொடுக்காது. இக்னிஷனும் வைப்பரும் சேர்ந்தால் மீதியை பேட்டரிதான் ஈடுகட்ட வேண்டும். அதனால் டைனமோ வண்டிக்கு ஒவ்வொன்றும் 20 வாட் அளவிலான எல்இடி லைட் வாங்குங்கள். 34 ஆம்ப் தரும் 16ஏசிஆர் ஆல்டர்னேட்டர் இருந்தால் ஹாலஜன் தாராளமாகப் போடலாம்.

அடுத்து எர்த் எந்தப் பக்கம் என்று பாருங்கள். 1969-க்கு முந்தைய மினிகள் பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம், எனவே வருஷத்தை நம்பாமல் பேட்டரியையே பாருங்கள். ஹாலஜன் பல்புக்கும் டயோடு இல்லாத சாதாரண ரிலேக்கும் (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) இதில் வித்தியாசம் கிடையாது. எல்இடிக்கு உண்டு, மாற்றிக் கொடுத்தால் எரியாது.

தேவையானவை: நான்கு முனை ரிலே (30 ஆம்ப்), மூடியுள்ள ஃபியூஸ் ஹோல்டர், 15 ஆம்ப் ஃபியூஸ், டேஷ்போர்டுக்கு ஒரு சுவிட்ச், 2 சதுர மில்லிமீட்டர் ஒயர், சுவிட்சுக்கு மட்டும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயர், கிரிம்ப் செய்யும் பிளையர், லக்குகள் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை), ரப்பர் குரோமெட் (தகட்டுத் துளையில் ஒயர் உரசாமல் காக்கும் வளையம்), ஸ்லீவ், ஒரு டெஸ்ட் லேம்ப். ஒயரைக் கடித்துப் பிடிக்கும் அந்தப் பிளாஸ்டிக் கிளிப்புகளை மட்டும் வாங்காதீர்கள். தண்ணீர் புகுந்து ஒரே குளிர்காலத்தில் உள்ளே பச்சை பிடித்துவிடும்.

ரிலே எதற்கு, நேரே சுவிட்சிலேயே கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் நிறைய. ஐம்பது வருஷப் பழைய சுவிட்சுக்குள் 9 ஆம்ப் ஓடினால் அதன் காண்டாக்ட் சூடாகும், வோல்ட்டேஜ் வழியிலேயே குறையும். ஹாலஜன் பல்புக்கு வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். ரிலே இருந்தால் சுவிட்ச் வழியே துளி கரண்ட் மட்டும் போகும், பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் நேரே லைட்டுக்கு வரும்.

சரி, வேலைக்கு வருவோம். மினி சலூனில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். மற்ற முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்ட மாத்திரத்தில் தீப்பொறி பறக்கும்.

லைட்டை பிராக்கெட்டில் மாட்டுங்கள். 1996 கடைசிக்குப் பின் வந்த மினிகளில் ரேடியேட்டர் முன்பக்கம் இருப்பதால் கிரில்லை அதிகம் மறைக்க வேண்டாம். ரிலேயை பானெட்டுக்குள் பக்கவாட்டுத் தகட்டில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி திருகுங்கள். கிரில்லுக்கு நேர் பின்னால் வேண்டாம். அங்கே இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரே (ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் பாகம்) மழையில் நனைந்து வண்டி நின்றுபோவது மினிக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான்.

கரண்ட் எடுக்க டிக்கி வரை போக வேண்டாம். பேட்டரியின் தடித்த கேபிள் முன்னால் ஸ்டார்ட்டர் சொலினாய்டுக்கு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) வருகிறது. பழைய மாடல்களில் அது பானெட்டுக்குள் தகட்டில் இருக்கும், அதே முனையில் பிரவுன் ஒயர்களும் சேர்ந்திருக்கும். அங்கே ரிங் லக் போட்டு ஒயரை எடுங்கள், ஒரு சாண் நீளத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர் வந்துவிட வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை, அதனால்தான் அது இவ்வளவு குட்டையாக இருக்க வேண்டும். ஃபியூஸிலிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு. 87-லிருந்து இரண்டு லைட்டுக்கும். 85-லிருந்து எர்த்துக்கு.

மிச்சம் 86, அதுதான் இந்த வேலையின் உயிர். ஹெட்லைட்டுக்குப் பின்னால் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். வெள்ளைக் கோடு ஒயரிலிருந்து ஒரு கிளை எடுத்து டேஷ்போர்டு சுவிட்சுக்கு, அங்கிருந்து 86-க்கு. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் கட்டாயம் குரோமெட். இப்படிச் செய்தால் டிம் போட்ட அந்த நொடியே கூடுதல் லைட்டும் அணையும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்காமல் இருக்க இதுதான் வழி, சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1966 மான்டி கார்லோ ராலியில் மாக்கினென், ஆல்டோனென், ஹாப்கிர்க் மூவரும் மினியில் முதல் மூன்று இடத்தில் வந்தும், ஹெட்லைட்டில் டிம் இல்லாத ஒற்றை இழை பல்பு போட்டிருந்த காரணத்தைச் சொல்லி வெற்றியைப் பறித்து சிட்ரோயனுக்குக் கொடுத்தார்கள். அது நியாயமில்லை என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். அடுத்த வருஷம் ஆல்டோனென் மினியிலேயே வந்து ஜெயித்தார்.

எர்த்தை அலட்சியம் செய்யாதீர்கள், மங்கலாக எரியும் லைட்டுகளில் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். குரோம் பம்பரை நம்பாமல் இரண்டு லைட்டிலிருந்தும் தனி ஒயர் இழுத்து, பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரிந்தபின் முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

இப்போது எர்த் கேபிளை மாட்டிச் சோதியுங்கள். ஹை பீமும் சுவிட்சும் போட்டால் ரிலே 'டிக்' என்று சொல்லும், லைட் எரியும். டிம் போட்டும் எரிந்தால் சிவப்புக் கோடு ஒயரைப் பிடித்திருக்கிறீர்கள். இன்ஜின் ஓடும்போது லைட் முனையிலும் பேட்டரியிலும் வோல்ட்டேஜ் அளந்து பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு இணைப்பு சரியில்லை. பல்பு மாற்ற நேர்ந்தால் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள்.

கடைசியாகக் குறி வைப்பது. சமதரையில் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தின் மையம் அந்தக் கோட்டிலோ சற்றுக் கீழேயோ விழ வேண்டும். மினி நன்றாக அதிரும் வண்டி, ஒரு வாரம் ஓடியபின் பிராக்கெட் நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கிவிட்டு அதே சுவர் முன் நிறுத்திப் பாருங்கள்.