ஆல் வீல் டிரைவ் வண்டிக்கு டயரா? கடைக்குப் போகும் முன் ஒரு சாக்கட்டி எடுங்க

குலசேகரம் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு முற்றத்தில் ரப்பர் ஷீட் காயும். பால் வெட்டுகிற ஊரில் பிறந்தும், டயர் கடையில் போய் நின்றால் நமக்குத் தெரிவது விலை மட்டும்தான். நானும் அப்படித்தான் மாட்டினேன்.

என் பழைய ஆல் வீல் டிரைவ் வண்டியில், அதாவது நாலு வீலும் இழுக்கிற வண்டியில், முன் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டன. "பின்னால கெடக்கது ரெண்டும் இன்னும் ஓடும் சாரே, முன்னால மட்டும் மாத்துவோம்" என்றார் கடைக்காரர். நாலும் ஒரே சைஸ்தானே என்று நானும் தலையாட்டினேன். ஒரு மாதம் ஆகவில்லை, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி திக்கித் திக்கி நகர்ந்தது. கியர்பாக்ஸ்தான் போச்சு என்று பயந்து மெக்கானிக்கிடம் விட்டால், அவர் போனெட்டைக்கூடத் திறக்கவில்லை. குனிந்து நாலு டயரின் பட்டனையும், அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேல் ரப்பர் கட்டைகளின் ஆழத்தை, மி.மீ. கணக்கில் அளந்தார். "முன்னால 8, பின்னால 3. பொறவு எப்படி ஓடும்?"

சைஸ் ஒன்றாக இருந்தால் போதாது, சுற்றளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

1. உங்கள் வண்டி எந்த வகை?

உயரமாக இருப்பதெல்லாம் ஆல் வீல் டிரைவ் இல்லை. நம் ரோட்டில் ஓடும் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை இரண்டு வீலில் மட்டும் இழுப்பவை. கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப், பழைய டஸ்டரின் ஆல் வீல் டிரைவ் மாடல் போன்றவற்றில்தான் வண்டியே பார்த்து நாலு வீலுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும். ஜிம்னி மாதிரி லீவர் போடுகிற வண்டியில், சாதாரண ரோட்டில் இரண்டு வீல்தான் இழுக்கும். அதனால் ஆபத்து கொஞ்சம் குறைவு. ஆனால் லீவரைப் போட்டுவிட்டால் அதற்கும் இதே விதிதான்.

2. சைஸைப் படியுங்கள்

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். 215/65 ஆர்16 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அதில் 65 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 139.75 மி.மீ. மேலும் கீழும் சேர்த்தால் 279.5. ரிம் 16 இன்ச், 25.4 ஆல் பெருக்கினால் 406.4 மி.மீ. இரண்டையும் கூட்டினால் விட்டம் சுமார் 686 மி.மீ. 3.14 ஆல் பெருக்கினால் சுற்றளவு ஏறக்குறைய 2,154 மி.மீ.

இப்போது கடையில் ஒருவர் "225/65 போடுங்க, பார்க்க கம்பீரமா இருக்கும்" என்கிறார் என்று வையுங்கள். அதே கணக்கைப் போட்டால் விட்டம் 699, சுற்றளவில் 41 மி.மீ. கூடுதல். நாலிலும் போட்டால் ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டும், வளைவில் உள்ளே உரசவும் வாய்ப்புண்டு. இரண்டில் மட்டும் போட்டால் வண்டிக்கே கேடு. கம்பெனி கையேட்டில் இல்லாத சைஸ் பக்கம் போகாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

சைஸுக்குப் பின்னால் 98எச் மாதிரி ஒன்று இருக்கும். 98 என்றால் ஒரு டயர் 750 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறைவாக வாங்க வேண்டாம்.

3. சாக்கட்டிச் சோதனை

புது டயரில் பட்டன் ஆழம் 8 மி.மீ. அளவில் இருக்கும். 3 மி.மீ. ஆகத் தேய்ந்தால் ஆரம் 5 குறைகிறது, சுற்றளவு 31 மி.மீ. குறைகிறது. கேட்க அற்பமாக இருக்கும். கண்ணால் பாருங்கள்.

கல்யாண மண்டப வாசல் மாதிரி 25 மீட்டர் நீளமான சமதளம் போதும். முதலில் நாலு டயரிலும் காற்றை ஸ்டிக்கரில் உள்ளபடி வையுங்கள், டயர் சூடாகாத நேரத்தில். டிரைவர் பக்கம் முன் டயரிலும் பின் டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் சாக்கட்டியால் கோடு போடுங்கள். ஸ்டியரிங் நேராக இருக்க, முன் டயர் சரியாகப் பத்துச் சுற்று சுற்றும்வரை வண்டியை நகர்த்தி நிறுத்துங்கள். முன் கோடு கடிகாரத்தின் 6 மணியில் நிற்கும். பின் கோடும் அங்கேயே நின்றால் பிரச்சினையில்லை. சுமை வித்தியாசத்தால் துளி விலகலாம். என் வண்டியில் பின் கோடு கிட்டத்தட்ட 8 மணிக்குப் போய் நின்றது.

தேய்ந்த பின் டயர், முன் டயரைவிடக் கிலோமீட்டருக்கு ஏழு சுற்று அதிகம் சுற்றுகிறது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் சுமார் 80 கி.மீ. ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்றாலைகளுக்கு நடுவே நேராகத்தான் போகிறோம், ஆனால் வண்டிக்கு முன் வீலும் பின் வீலும் ஓயாமல் முரண்டு பிடிப்பதாகவே தெரிகிறது. அந்த வித்தியாசத்தை வழுக்கி வழுக்கிச் சமாளிப்பது முன் வீலையும் பின் வீலையும் இணைக்கும் கிளட்ச், காலால் மிதிக்கிற கிளட்ச் இல்லை. அது சூடாகி, தேய்ந்து, கடைசியில் ஒரு டயர் செட்டைவிடப் பெரிய பில் வரும்.

4. இரண்டா, நாலா?

பட்டன் ஆழம் அளக்கும் கேஜ் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். புதிதுக்கும் பழையதுக்கும் வித்தியாசம் 1.5 மி.மீ.க்குள் என்றால் ஒரே கம்பெனி, ஒரே மாடலில் இரண்டு வாங்கலாம். அதற்கு மேல் என்றால் நாலும்தான். கையேடு இதைவிடக் கண்டிப்பாகச் சொன்னால் கையேட்டைக் கேளுங்கள். வேறு கம்பெனி டயர் கலக்க வேண்டாம், ஒரே சைஸ் அச்சடித்திருந்தாலும் அளவில் சில மி.மீ. மாறும்.

கடையில் டயரின் பக்கச் சுவரில் உள்ள, செய்த தேதியைச் சொல்லும் நாலு இலக்கத்தையும் பாருங்கள். 2324 என்றால் 2024-இன் 23-வது வாரம் செய்தது. நாலும் கிட்டத்தட்ட ஒரே காலத்ததாக இருக்கட்டும்.

5. போட்ட பிறகு

வீல்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றினால் நாலும் சேர்ந்து தேயும், அடுத்த முறை இந்தக் கணக்கே வராது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம் என்றாலும், நான் 3-லேயே மாற்றிவிடுவேன்.

ஸ்டெப்னியை மறக்காதீர்கள். டிக்கியில் உருளாமல் கிடக்கும் புது ஸ்டெப்னிக்கும் தேய்ந்த மூன்று டயருக்கும் அதே வித்தியாசம்தான். காளிகேசம் ரோட்டில் பஞ்சரானால் மாட்டுங்கள், மெதுவாக ஓட்டி முதலில் வரும் பஞ்சர் கடையில் நிறுத்துங்கள். அதோடு திருநெல்வேலி வரை போக வேண்டாம்.