மின்கையொப்ப மென்பொருள்: மருத்துவக் கருவி நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எங்கள் மென்பொருள் பார்ட் 11 சான்று பெற்றது" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால், அந்தச் சான்றைக் கொடுத்தது யார் என்று கேளுங்கள். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ எந்த மென்பொருளுக்கும் அப்படிச் சான்று தருவதில்லை. 1997-இல் வந்த 21 சிஎஃப்ஆர் பார்ட் 11 விதி, மின்பதிவுகளையும் மின்கையொப்பத்தையும் பயன்படுத்தும் நிறுவனத்தின் தலையில்தான் பொறுப்பை வைக்கிறது. அதற்குத் தேவையான வசதிகள் மென்பொருளில் இருக்கலாம். அவற்றைச் சரியாக அமைப்பது, ஆட்களைப் பழக்குவது, நடைமுறையை எழுதி வைப்பது, நம் வேலைக்கு அது ஒத்துவருகிறது என்று நிரூபிப்பது எல்லாம் வாங்குகிறவர் பாடு. அமெரிக்காவுக்குக் கருவி அனுப்பும் உங்கள் ராணிப்பேட்டை சிப்காட் ஆலைக்குத் தரத்தைத் தணிக்கை செய்ய ஆடிட்டர் வந்து உட்காரும்போது பதில் சொல்லப்போவது நீங்கள்தான், விற்றவர் இல்லை.

இந்த ஒரு விஷயம் மனதில் பதியாததால்தான் மற்ற தவறுகளில் பாதி வருகின்றன. நான்கு நிறுவனங்களை அழைத்து டெமோ பார்க்கிறார்கள். எது பார்க்க அழகாக இருக்கிறதோ, எது விலை குறைவோ அதை வாங்குகிறார்கள். அப்புறம்தான் தேவைகளை எழுத உட்காருகிறார்கள், அதுவும் வாங்கிய மென்பொருளில் என்ன இருக்கிறதோ அதையே பார்த்து. வரிசை தலைகீழ். முதலில் உங்கள் ஆலையில் கையெழுத்து விழும் பதிவுகளைப் பட்டியல் போடுங்கள்: பேட்ச் பதிவு (ஒரு தொகுதியைத் தயாரித்த விவரம்), ஸ்டெரிலைசேஷன் அறிக்கை, கேப்பா (குறையைத் திருத்தி, மீண்டும் வராமல் தடுக்கும் நடவடிக்கை), ஆவண மாற்றம், பயிற்சிப் பதிவு. ஒவ்வொன்றிலும் யார் போடுகிறார், எந்தப் பொருளில் போடுகிறார் (செய்தேன், சரிபார்த்தேன், ஒப்புதல் தருகிறேன்), அது தவறிப்போனால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று எழுதுங்கள். டெமோவுக்கு அந்தத் தாளோடு போங்கள்.

டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் இருக்கும் யுஎஸ்பி) இருக்கிறதே, அது போதாதா என்ற கேள்வி சிறு நிறுவனங்களில் வரும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி டிஎஸ்சியும் ஆதார் இ-சைனும் செல்லும். ஒப்பந்தங்களுக்கும் அரசு இணையதளங்களுக்கும் அவை நல்லவை. ஆனால் இந்தியச் சட்டத்தில் செல்லும் என்பது ஒன்று, பேட்ச் பதிவில் பார்ட் 11 கேட்பதை நிறைவேற்றுவது வேறொன்று. இன்னொரு ஆபத்தும் உண்டு. முதலாளியின் டோக்கனும் அதன் ரகசிய எண்ணும் கணக்காளர் அலுவலக மேஜை டிராயரில் கிடப்பது நம் பக்கத்தில் சகஜம். அந்தப் பழக்கம் தரப் பதிவுகளுக்குள் நுழைந்தால், அந்தக் கையொப்பத்தை நம்ப யாருக்கும் காரணம் இல்லை. ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க: அங்கே ஐடாஸ் சட்டத்தில் மின்கையொப்பத்துக்கு மூன்று படிகள். எந்த ஆவணத்துக்கு எந்தப் படி வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் மேல்படிக்குப் பணம் கட்டாதீர்கள்.

இனி, டெமோவில் யாரும் காட்டாத இடங்கள்.

கையொப்பமிட்ட பதிவில் போட்டவரின் பெயர், தேதி, நேரம், எதற்காகப் போட்டார் என்ற பொருள் ஆகியவை தெரிய வேண்டும் என்கிறது பார்ட் 11. திரையில் தெரிந்தால் மட்டும் போதாது, அச்சிட்ட தாளிலும் வர வேண்டும். சில மென்பொருள்களில் திரையில் "ஒப்புதல்" என்று இருக்கும், பிடிஎஃப் எடுத்தால் வெறும் பெயர்தான் நிற்கும். பெயரிலும் நமக்கு ஒரு சிக்கல். நாம் இனிஷியல் போடுகிறவர்கள். செல்வத்தின் மகனும் எஸ். கார்த்திக், சேகரின் மகனும் எஸ். கார்த்திக், இரண்டு பேரும் ஒரே பேக்கிங் ஹாலில் இருக்கலாம். ஐந்து வருடம் கழித்து அந்தப் பதிவை எடுப்பவருக்கு எந்தக் கார்த்திக் என்று எப்படித் தெரியும்? பெயரோடு ஊழியர் எண்ணும் அச்சாகிறதா என்று பாருங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனபின் அவருடைய யூசர் ஐடியை அடுத்தவருக்குக் கொடுக்க மென்பொருள் விடக் கூடாது. விதியும் அதைத் தடுக்கிறது.

நேரம் இன்னும் மோசம். மேகக் கணினியில் ஓடும் பல மென்பொருள்கள் உலகப் பொது நேரத்தில் பதிகின்றன. நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. நைட் ஷிப்டில் 12-ஆம் தேதி விடியற்காலை 4.10-க்குப் போட்ட கையொப்பம், 11-ஆம் தேதி இரவு 10.40 என்று பதிவாகும். தயாரிப்பு தொடங்கும் முன்பே ஒப்புதல் கொடுத்தது போல ஒரு பேட்ச் பதிவு நின்றால், அதை விளக்கிக் கரை சேர்வது பெரும்பாடு. எந்த நேர மண்டலம் என்பது கையொப்பத்தின் பக்கத்திலேயே தெரிய வேண்டும். பயன்படுத்துபவர் தன் கணினிக் கடிகாரத்தை மாற்றினால் பதிவாகும் நேரமும் மாறுகிறதா என்று நீங்களே மாற்றிப் பாருங்கள்.

பொது லாகின் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். அது ஏன் வருகிறது என்று யாரும் லைனுக்குப் போய்ப் பார்ப்பதில்லை. கையுறை போட்ட கையால் பன்னிரண்டு எழுத்து பாஸ்வேர்டை ஷிப்டுக்கு நாற்பது தடவை அடிக்கச் சொன்னால், ஒருவர் லாகின் செய்து வைப்பார், மற்றவர்கள் அதிலேயே போடுவார்கள். தப்பு அந்தத் தொழிலாளியிடம் இல்லை. ஏசி அறையில் உட்கார்ந்து அமைப்பை முடிவு செய்தவரிடம் இருக்கிறது. விதியே இதற்கு வழி வைத்திருக்கிறது: ஒருவர் லாகினை விட்டு வெளியேறாமல் தொடர்ந்து கையொப்பமிடும்போது முதல் தடவைக்கு ஐடி, பாஸ்வேர்டு இரண்டும் வேண்டும், அடுத்தடுத்த தடவைகளுக்கு அவருக்கு மட்டுமே உரிய ஒன்று (பாஸ்வேர்டு போல) போதும். எத்தனை நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு முழு ஷிப்டு லைனில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரிபார்ப்புக்கு வருவோம். விற்பவர் தடிமனான ஐக்யூ, ஓக்யூ கோப்பு (மென்பொருள் சரியாக நிறுவப்பட்டது, சரியாக இயங்குகிறது என்ற சோதனைப் பதிவுகள்) கொடுப்பார். அதன் முதல் பக்கத்தில் நம் கையெழுத்தைப் போட்டு அலமாரியில் வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அவர் சோதித்தது அவருடைய அமைப்பில். உங்கள் ஒப்புதல் வரிசை, உங்கள் ஆட்களின் உரிமைகள், உங்கள் படிவங்கள் அதில் இல்லை. மருத்துவக் கருவித் தர அமைப்புக்கான ஐஎஸ்ஓ 13485:2016 தரநிலையின் 4.1.6 பிரிவு, தர அமைப்பில் பயன்படும் மென்பொருளை முதல் பயன்பாட்டுக்கு முன்பும், தேவைக்கேற்ப மாற்றங்களுக்குப் பின்பும், ஆபத்தின் அளவுக்குத் தக்கபடி சரிபார்க்கச் சொல்கிறது. 2026 பிப்ரவரி 2 முதல் எஃப்டிஏவின் தர விதியும் இந்த ஐஎஸ்ஓவையே தழுவி நிற்கிறது.

ஆபத்துக்குத் தக்கபடி என்பதைக் கவனியுங்கள். எல்லாப் பட்டனையும் அழுத்தி நூற்றுக்கணக்கில் ஸ்கிரீன்ஷாட் ஒட்டுவது எதிர்ப்பக்கத் தவறு. எஃப்டிஏவின் மென்பொருள் உறுதிப்பாடு பற்றிய வழிகாட்டுதலும் அந்தப் பழக்கத்தை விடச் சொல்கிறது. முகப்புத் திரையின் நிறத்தைச் சோதித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. உழைப்பைக் கடினமான இடத்தில் போடுங்கள். கையொப்பமான பதிவில் ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள்: அந்தக் கையொப்பம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆபத்து. ஒரு பதிவின் கையொப்பத்தைப் பெயர்த்து இன்னொன்றில் ஒட்ட முயலுங்கள். அட்மின் உரிமையோடு உள்ளே போய் தணிக்கைத் தடத்தை (யார், எப்போது, எதை மாற்றினார் என்று மென்பொருள் தானாக எழுதும் பதிவை) அழிக்கப் பாருங்கள். கையொப்பமிடும் நொடியில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள்: ஐப்பசி, கார்த்திகை மழையில் அது தானாகவே நடக்கும். பேக்கப்பை மீட்டெடுத்து, பழைய கையொப்பங்கள் அந்தந்தப் பதிவோடு சேர்ந்தே வருகின்றனவா என்று பாருங்கள்.

மேகக் கணினி மென்பொருள் நாம் தூங்கும்போது மாறிக்கொண்டிருக்கும். மாற்றத்துக்கு எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள், சோதித்துப் பார்க்கத் தனி இடம் தருவார்களா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வெளியேறும் வழியையும் அப்போதே கேளுங்கள். பதிவுகளைக் கருவியின் ஆயுட்காலம் வரை, குறைந்தது வெளியிட்ட நாளிலிருந்து 2 வருடம் வைத்திருக்க ஐஎஸ்ஓ கேட்கிறது. 10 வருடம் உடலில் இருக்கும் கருவி செய்கிறவர் 3 வருட ஒப்பந்தம் போட்டால், மீதி வருடங்களுக்குத் தணிக்கைத் தடம் எங்கே இருக்கும்? பிடிஎஃப் மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்களா?

கடைசியாக, பலரும் மறப்பது ஒரு கடிதம். எங்கள் மின்கையொப்பங்கள் கைப்பட இடும் கையொப்பத்துக்குச் சட்டப்படி சமமானவை என்று எஃப்டிஏவுக்கு எழுதி அனுப்ப வேண்டும். முதல் மின்கையொப்பம் விழும் முன்போ, விழும் நாளிலோ அது போயிருக்க வேண்டும். நகலைச் சரிபார்ப்புக் கோப்பிலேயே வையுங்கள்.