பழைய செயின் டிராக்டர்: வாங்கும்போதும் ஓட்டும்போதும் நடக்கும் தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் கண்மாய்க் கரையைத் தட்டிச் சமன் செய்யவும், சீமைக்கருவேலந் தூரைப் பிடுங்கவும், உப்பளப் பாத்திக்குக் கரை கட்டவும், டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் பழைய செயின் வண்டி கிடைத்தால் விடக்கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆசை நியாயமானதுதான். ஆனால் டயர் டிராக்டர் ஓட்டிய கையோடு இதில் ஏறுவது ஆபத்து. பெயின்டைப் பார்த்து வாங்குவது பண நஷ்டம்.

மஞ்சளாக இருப்பதெல்லாம் கேட்டர்பில்லர் அல்ல. அந்தக் கம்பெனி 1931 கடைசியில் சாம்பல் நிறத்தை விட்டு மஞ்சளுக்கு வந்தது. பிறகு மற்றவர்களும் மஞ்சள் அடித்தார்கள், நம் நாட்டுக் கம்பெனியான பி.இ.எம்.எல்-லின் டோசரும் (மண் தள்ளும் செயின் வண்டி) மஞ்சள்தான். ரேடியேட்டர் மூடியில் இருக்கும் பெயரையும் நம்ப வேண்டாம். தகரம் வண்டிக்கு வண்டி மாறியிருக்கும். வார்ப்பில் புடைத்து நிற்கும் எண்ணை வண்டி எண் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு வழக்கமான தவறு. அது அந்த உதிரிபாகத்தின் எண். வண்டியின் சீரியல் எண் உளியால் குத்தியதாகவோ தகட்டிலோ இருக்கும். எஞ்சின் பிளாக்கிலும், பின்பக்கம் கியர் பெட்டி உடம்பிலும் துருவைத் தேய்த்துவிட்டுத் தேடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எஞ்சின் மாற்றப்பட்டிருக்கலாம். விலை பேசும்போது அதைச் சொல்லுங்கள்.

எண்ணின் முன்னெழுத்துதான் முக்கியம். கேட்டர்பில்லரின் டி2 மாடல் 1938-லிருந்து 1957 வரை வந்தது. 1947 வரை முன்னெழுத்து 3ஜே, 5ஜே. அதன்பின் 4யு, 5யு. 3ஜே-யும் 4யு-வும் 40 அங்குல வண்டி, மற்ற இரண்டும் 50 அங்குல வண்டி. இந்த அளவை ஒரு செயினின் நடுவிலிருந்து மறு செயினின் நடுவுக்கு எடுக்க வேண்டும். வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு டேப் பிடித்துவிட்டு, எண் பொய் என்று சண்டை போடுபவர்கள் உண்டு. குறுகலான வண்டி கரைச் சரிவில் சீக்கிரம் சாயும். கண்மாய் வேலைக்கு 50 அங்குலமே நல்லது.

ஸ்டார்ட் செய்யும் முறையும் வண்டிக்கு வண்டி வேறு. டி2-வில் பெரிய எஞ்சினைச் சுழற்றப் பெட்ரோலில் ஓடும் இரட்டை சிலிண்டர் குட்டி எஞ்சின் இருக்கும். இன்டர்நேஷனல் கம்பெனியின் பழைய டிடி-6, டிடி-9 வண்டிகளில் குட்டி எஞ்சின் கிடையாது, பெரிய எஞ்சினே முதலில் பெட்ரோலில் ஓடும். ஒரு நிமிடம் போல ஓடியதும் டீசலுக்கு மாற்ற வேண்டும். குட்டி எஞ்சின் வண்டியில் வரிசை தப்பக் கூடாது. பெரிய எஞ்சினின் கம்ப்ரஷன் லீவரைத் திறந்து வையுங்கள், அப்போதுதான் சிலிண்டரில் அழுத்தம் சேராமல் லேசாகச் சுற்றும். குட்டியை ஓடவிட்டுச் சூடாக்குங்கள். அதன் கிளட்ச் விட்ட நிலையில் பினியனை (சின்னப் பல்சக்கரம்) பெரிய எஞ்சினின் ஃப்ளைவீலில் கோத்து, பிறகு கிளட்ச் போடுங்கள். ஆயில் பிரஷர் ஏறும்வரை பெரிய எஞ்சின் வெறுமனே சுற்றட்டும். அதன்பின்தான் கம்ப்ரஷன் லீவரை மூட வேண்டும், கடைசியாக டீசலைத் திறக்க வேண்டும். எஞ்சின் பிடித்ததும் பினியன் தானாக விலக வேண்டும். விலகாவிட்டால் பெரிய எஞ்சின் குட்டியை அளவுக்கு மீறிச் சுழற்றி உடைத்துவிடும். உடனே குட்டியின் கிளட்சை விடுங்கள். குட்டியை நிறுத்தும்போது சுவிட்சைத் தொடாமல் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் காயும்வரை ஓடவிடுங்கள். குழாய் திறந்தே கிடந்தால் பெட்ரோல் கசிந்து ஆயிலில் கலக்கும்.

எல்லாவற்றையும்விட ஆளைக் கவிழ்ப்பது இறக்கம்தான். இந்த வண்டியைத் திருப்புவது இரண்டு பக்கமும் உள்ள லீவர்களால், ஒவ்வொன்றும் தன் பக்கச் செயினின் ஸ்டியரிங் கிளட்சை விடும். சமதளத்தில் வலது லீவரை இழுத்தால் வலது செயினுக்குச் சக்தி அறுந்து, இடது செயின் தள்ள, வண்டி வலப்பக்கம் திரும்பும். கரையிலிருந்து இறங்கும்போது நிலைமை தலைகீழ். அங்கே எஞ்சின் தள்ளவில்லை, வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வலது லீவரை இழுத்ததும் அந்தப் பக்கம் பிடி விட்டுப்போய் வலது செயின் முந்த, வண்டி இடப்பக்கம் திரும்பும். பதறி இன்னும் இழுத்தால் இன்னும் திரும்பும். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பேர் வாங்கிய ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் மாதிரி நீளமான கரையில் வேலை பார்ப்பவர் இதை முதல் நாளே கற்க வேண்டும். இறக்கத்தில் லேசாகத் திருப்ப எதிர்ப்பக்க லீவரை மட்டும் இழுங்கள், பிரேக் வேண்டாம். நன்றாகத் திருப்ப வேண்டுமென்றால் திரும்பும் பக்க லீவரோடு அதே பக்க பிரேக்கையும் அழுத்துங்கள். புதியவர் மேலேயே நேராக்கிக்கொண்டு, முதல் கியரில், திருப்பாமல் இறங்குவது உத்தமம். நடுவில் மெயின் கிளட்சை விடவோ கியர் மாற்றவோ கூடாது. வண்டி உருண்டால் அதன்பின் கியர் விழாது.

தூர் பிடுங்கும்போது சங்கிலியை டிராபாரில் (வண்டியின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பி) மட்டும் மாட்டுங்கள். சீட்டுப் பக்கம் உயரமாகக் கட்டினால் தூர் அசையாதபோது வண்டியின் முன்பக்கம் எழும்பி ஓட்டுநர்மேல் விழும். இந்த வண்டிகளில் தலைக்குமேல் கூண்டு கிடையாது. காய்ந்த கருவேலஞ் சுள்ளி அடித்தகட்டில் சேர்ந்தால் தீப்பிடிக்கும். பொழுதுக்கும் தள்ளிவிட வேண்டும்.

மண்டபம் பக்கத்து மணலில் செயினுக்கு ஆயிலோ கிரீஸோ தடவுவது அக்கறை மாதிரித் தெரியும். மணல் அதில் ஒட்டி அரைக்கும் மாவாகி, செயின் கண்ணிகளை இணைக்கும் பின், புஷ் இரண்டையும் தின்றுவிடும். பழைய செயின் காய்ந்தே ஓட வேண்டும். தொய்வு 25 முதல் 40 மி.மீ. இருக்கலாம். களிமண்ணிலோ ஈர மணலிலோ வேலை என்றால் மண் ஏறிய நிலையிலேயே பாருங்கள். செயினைச் சுழற்றும் சக்கரத்தின் பல்லுக்குள் மண் அடைந்தால் செயின் தானாக இறுகிவிடும். செயின்மேல் உருளும் பழைய ரோலர்களுக்குக் கெட்டிக் கிரீஸ் உள்ளே போகாது, அதற்கென்ற இளகலான கிரீஸ்தான் வேண்டும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். இந்தக் கரையோரத்துத் தண்ணீர் உவர். உள்ளே உப்புப் படிந்து எஞ்சின் கொதிக்கும். கூரையில் பிடித்த மழைத்தண்ணீர், இல்லையென்றால் வடிகட்டிய ஊரணித் தண்ணீர். உப்பள வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஐப்பசி மழைக்கு முன் இரண்டு சைலன்சர் குழாய்களிலும் ஒரு டின்னைக் கவிழ்த்து வையுங்கள், குட்டி எஞ்சினுடையதை மறக்காமல். நிறுத்தி வைத்த வண்டியில் ஸ்டியரிங் கிளட்ச் தட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். லீவரை இழுத்தும் வண்டி நேராகவே போகும். மாதம் ஒருமுறையாவது ஓட்டி, இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு நிறுத்துங்கள்.