நாய் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார் ஒருவர். ஹாலில் குட்டி மூத்திரம் போய் வைத்திருக்கிறது. அதைப் பிடித்து இழுத்து வந்து, மூக்கை ஈரத்தில் தேய்த்து, முதுகில் இரண்டு போடுகிறார். அப்போதுதான் புத்தி வரும் என்று இன்றும் பல வீடுகளில் நம்புகிறார்கள். வராது. தான் செய்ததையும் அதற்குக் கிடைத்ததையும் நாய் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமானால், இரண்டும் ஓரிரு விநாடிக்குள் நடந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து விழும் அடியிலிருந்து அது தெரிந்துகொள்வது ஒன்றைத்தான்: இந்த ஆள் உள்ளே வந்தால் அடி விழும்.

“செய்தது தப்பு என்று தெரிந்துதானே தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது?” என்று கேட்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்து வெளியிட்டார். நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. வளர்ப்பவர் திட்டினால் அந்த முகம் வந்தது, ஒன்றுமே செய்யாத நாய்க்கும் வந்தது. நாம் குற்ற உணர்ச்சி என்று நினைப்பது பெரும்பாலும் நம் குரலைக் கண்ட பயம்தான்.

சரி, என்ன செய்வது? இரண்டு மாதக் குட்டியால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். அது போய் முடித்த அந்தக் கணத்தில், அங்கேயே நின்று, ஒரு சின்னத் துண்டு வேகவைத்த கோழி கொடுத்துப் பாராட்டுங்கள். வீட்டுக்குள் திரும்பி வந்து டப்பாவைத் திறந்து பிஸ்கட் கொடுத்தால் பரிசு எதற்கு? உள்ளே வந்ததற்கு! நல்ல மனசோடு பயிற்சி கொடுப்பவர்கள்கூட இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போய்விட்டால் பேசாமல் துடைத்துவிடுங்கள். பினாயில் வாசனை நமக்குத்தான் மறைக்கும், நாயின் மூக்குக்கு பழைய வாடை தெரியும், மறுபடி அங்கேயே போகும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனர் அந்த வாடையைப் போக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குரைக்கும் நாய்க்கு, தொல்லை தாங்காமல் ஒரு துண்டு தோசை போடுவோம். பல நாள் கவனிக்காமல் இருந்துவிட்டு ஒருநாள் மட்டும் போடுவது இன்னும் மோசம். விடாமல் குரைத்தால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி இருப்பதும் முக்கியம். அப்பா ‘உட்காரு’ என்கிறார், மகள் ‘சிட்’ என்கிறாள், பாட்டி ‘சும்மா கெட’ என்கிறார். குட்டி எதைக் கேட்கும்?

‘வா’ என்ற சொல்லை மட்டும் கண்போல் காப்பாற்றுங்கள். கூப்பிட்டு வந்ததும் குளிப்பாட்டுவது, கட்டிப்போடுவது, திட்டுவது என்றிருந்தால், கேட் திறந்திருக்கும் நாளில், தெருவில் லாரி வரும்போது, எத்தனை முறை கத்தினாலும் அது திரும்பாது. வந்த நாய்க்கு எப்போதும் நல்லதே கிடைக்கட்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது உறுமலுக்கு அடிப்பது. சாப்பிடும்போது கிண்ணத்தைத் தொட்டால் நாய் உறுமுகிறது என்றால், ‘எனக்குப் பயமாக இருக்கிறது, விலகு’ என்று சொல்கிறது. அதை அடித்து நிறுத்தினால் எச்சரிக்கைதான் போகும், பயம் அப்படியே இருக்கும். அப்புறம் ‘சொல்லாமல் கொள்ளாமல் கடித்துவிட்டது’ என்பார்கள், பல நேரம் கடிபடுவது குழந்தை. கிண்ணத்தைப் பிடுங்காதீர்கள். அது தளர்வாக இருக்கும் தூரத்தில் நின்று, கிண்ணத்தைவிட ருசியான ஒன்றைப் போட்டுவிட்டு நகருங்கள். நாம் வந்தால் சாப்பாடு போகாது, கூடுதலாகக் கிடைக்கும் என்று அது உணர வேண்டும். ஏற்கெனவே கடித்த நாய் என்றால் நீங்களாக முயலாமல் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

‘நீதான் தலைவன் என்று காட்டணும், மல்லாக்கத் தள்ளி அமுக்கு’ என்ற அறிவுரைக்கு அடிப்படை, 1947இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. காட்டில் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் பின்னாளில் தெளிவாக்கிவிட்டார். யாரும் யாரையும் அமுக்கிப் பதவி பிடிப்பதில்லை.

பராமரிப்பிலும் சில தவறுகள் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் என்று நம் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகாது. பிரியாணியில் மிஞ்சிய எலும்பும் வேண்டாம், வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துவிடும், வாக்கிங்கை விடியற்காலைக்கு மாற்றுங்கள்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவது இன்னும் ஓயவில்லை. தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் தினமும் விரலால் தடவிப் பாருங்கள். மருத்துவர் எடை பார்த்துத் தரும் மருந்தை மட்டும் போடுங்கள். பெண் உண்ணி சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால் நாய் படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். சாப்பாட்டை ஒதுக்கி, சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.