சைக்கிளில் விழுந்த பெண்ணும் கன்னித்திரைப் பயமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிள் பாரில் அடிபட்டு, ஜட்டியில் ரத்தக் கறையோடு மகள் வந்து நின்றால், காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே சில வீடுகளில் கல்யாணக் கவலை வந்துவிடுகிறது. "கன்னித்திரை கிழிஞ்சிருக்குமோ?"

கன்னித்திரையைச் சீல் வைத்த மூடியாக நினைப்பதுதான் முதல் தவறு. அது யோனி வாயின் ஓரத்தைச் சுற்றி இருக்கும் மெல்லிய சவ்வு மடிப்பு. சிலருக்குப் பிறை வடிவம், சிலருக்கு வளைய வடிவம். நடுவில் திறப்பு இருப்பதால்தான் மாதவிடாய் ரத்தமே வெளியே வருகிறது. அபூர்வமாகச் சிலருக்கு முழுக்க அடைத்திருக்கும். அவர்களுக்கு மாதவிடாய் வராது, ஆனால் மாதாமாதம் அடிவயிறு வலிக்கும். சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும்.

பருவமடையும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனால் இந்தச் சவ்வு நெகிழ்ந்துகொடுக்கும். அதனால் முதல் உறவில் பலருக்கு ரத்தம் வராது. சின்னக் கிழிசல் ஏற்பட்டாலும் சில நாட்களில் தடயமின்றி ஆறிவிடலாம். ஒரு பெண் உறவு கொண்டிருக்கிறாளா என்பதை எந்த டாக்டராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

"சைக்கிள் ஓட்டினாலே கிழிஞ்சிடும்" என்று நல்லெண்ணத்தில் சொல்வதும் தவறுதான். பாரில் விழுந்தால் பெரும்பாலும் அடிபடுவது பிறப்புறுப்பின் வெளி உதடுகள். கன்னித்திரை உள்ளே தள்ளி இருக்கிறது. அதைவிட, இப்படிச் சாக்கு சொல்லும்போதே கிழிந்தால் பெண் கணக்குக் காட்ட வேண்டும் என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். அவள் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்?

சரி, காயத்துக்கு வருவோம். காப்பித்தூள், மஞ்சள்தூள், தண்ணீர் கலக்காத டெட்டால் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் வீக்கத்தைக் குறைக்கும். ரத்தம் நிற்காவிட்டாலோ, வீக்கம் பெரிதானாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ, கம்பி மாதிரி ஏதாவது குத்தியிருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே போய் "கன்னித்தன்மை சர்டிபிகேட்" மட்டும் கேட்காதீர்கள். கன்னித்தன்மைச் சோதனைக்கு மருத்துவ அடிப்படையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-லேயே சொல்லிவிட்டன. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு யோனிக்குள் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை செய்வது முறைகேடான நடத்தை என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

இன்னொரு தவறு, இதே தப்புக்கணக்கின் மறுபக்கம், இதுதான் ஆபத்தானது. "டாக்டர் பார்த்தார், எல்லாம் சரியா இருக்கு, அப்ப ஒண்ணும் நடக்கல." பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளில் பெரும்பாலோருக்கு உடல் பரிசோதனையில் காயம் எதுவும் தெரிவதில்லை. யாரோ தொட்டார்கள் என்று குழந்தை சொன்னால், அந்தச் சொல்லை நம்பி, குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.