வளவுக்குள் ஆள் மறையும் கதை: டிவி துப்பறியும் தொடர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. கதவை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஆளே இல்லை. பார்ப்பவரைச் சேனல் மாற்றவிடாமல் பிடித்துவைக்கும் முடிச்சு இது. இதைச் செட்டிநாட்டு வீட்டுக்குள் வைத்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தோண்டுவது ஒரு சுரங்கப்பாதை. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

இந்த வீடுகள் ஒளித்துவைப்பதற்காகக் கட்டியவை அல்ல. வாசல் பக்கத்து முகப்பு, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் போகும். பல வீடுகளில் தலைவாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். எல்லாக் கதவையும் திறந்து வைத்தால், முகப்பில் உட்கார்ந்தபடியே பின்வாசல் வெளிச்சம் தெரியும். நடுவில் யாராவது குறுக்கே போனால் அந்த வெளிச்சம் ஒரு கணம் மறைந்து வரும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இப்படி ஒரு முகப்பில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். முகப்பில் ஒருவர், பின்வாசலில் ஒருவர், நடுவில் இருந்தவரைக் காணோம்: கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு கிடைக்காது. அதில் சுரங்கத்தைக் கொண்டுவந்தால், பூதம் தூக்கிப் போனது என்று சொல்வதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

தரைக்கதவு யோசனையைத் தரையே காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் தரைகளில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் ஒவ்வொன்றும் கையால் செய்வது. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, மேலே உலர்ந்த மணல்-சிமெண்டுக் கலவை தூவி, அதன்மேல் ஈரச் சாந்து நிரப்பி, காயவைத்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். கண்ணாடியைப் பிரித்ததும் தெரியும் வழவழப்பு, வருஷக்கணக்கில் காலடியும் துடைப்பும் படப்பட இன்னும் ஏறும். பழைய தரையில் ஒரே ஒரு கல்லை மாற்றினாலும் நிறமும் பளபளப்பும் ஒட்டாமல் அது தனியாகத் தெரியும். ஆகவே புதுக்கல்லைப் பொய்த்தடயமாக வையுங்கள். எல்லோரும் அதன் கீழே வழி இருக்கிறது என்று பெயர்க்க, உள்ளே சுண்ணாம்பும் மணலும் மட்டும் இருக்கட்டும். அந்தக் கல் எப்போது, எதற்காக மாற்றப்பட்டது என்பது வேறொரு காட்சியில் பயன்படும்.

அடுத்த தவறு, மர்மத்தை எழுதிவிட்டு விடையைப் பிறகு தேடுவது. 1997-இல் பிபிசியில் தொடங்கிய ‘ஜொனாதன் கிரீக்’ தொடரின் நாயகன் மேடை மாயாஜாலக்காரர் ஒருவருக்குத் தந்திரங்களை வடிவமைத்துக் கொடுப்பவன். தந்திரம் செய்பவன் முடிவிலிருந்துதான் முன்னுக்கு வருவான். நீங்களும் அப்படியே வாருங்கள். ஆள் மறைவதற்கு அடிப்படையில் நான்கே வழிகள். அவர் உள்ளே போகவே இல்லை. அல்லது மற்றவர்கள் நினைக்கும் நேரத்துக்கு முன்பே வெளியே வந்துவிட்டார். அல்லது கதவு உடைபடும்வரை உள்ளேயே இருந்து, கூட்டம் புகுந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிட்டார். அல்லது இன்னும் உள்ளேயேதான் இருக்கிறார். எது என்று ஒற்றை வரியில் எழுதிச் சுவரில் ஒட்டியபிறகு முதல் காட்சியைத் தொடங்குங்கள். செட்டிநாட்டுக்கு மூன்றாவது வழி கச்சிதமாகப் பொருந்தும். முன்னோர்களைக் கும்பிடும் படைப்பு நாளில் பங்காளிகள் எல்லோரும் கூடியிருக்கும்போது, வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்?

சாவி விஷயத்தில் ஏறக்குறைய எல்லோரும் சறுக்குகிறார்கள். வீட்டுச் சாவி மொத்தமும் பெரிய ஆச்சியின் இடுப்பில் தொங்குவதாக எழுதுவார்கள். வளவைச் சுற்றியுள்ள அறையை இங்கே ‘வீடு’ என்றே சொல்வார்கள். கல்யாணமான மகனின் குடும்பம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு ஒரு வீடு, அதற்கு ஒரு பூட்டு, அந்தச் சாவி அவர்களிடம். சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பவரின் பூட்டு மாதக்கணக்கில் திறக்காமல் தொங்கும். இந்தப் பூட்டை அருகில் காட்டுங்கள். உடலெல்லாம் தூசி; சாவித் துவாரத்தைச் சுற்றி மட்டும் தூசி இல்லை; நாதாங்கியில் இருந்த சிலந்திவலை ஒருபக்கம் அறுந்து தொங்குகிறது. மூன்று விநாடி போதும், வசனம் வேண்டாம். ‘இரட்டை வீடு’ என்றால் அறைக்குள் இன்னோர் அறை உண்டு. வெளி அறையை மட்டும் தேடிவிட்டு ‘யாரும் இல்லை’ என்று போலீஸ் சொல்வதுபோல் எழுதினால் இந்தப் பக்கத்து ஆட்கள் அந்த இடத்திலேயே கதையை விட்டுவிடுவார்கள்.

கதவை வெளியே நின்று நூலால் தாழிடும் பழைய உத்தி வேண்டாம். கனத்த தேக்குக் கதவின் இரும்புத் தாழ்ப்பாள் வருஷக்கணக்கான துருவோடு இறுகியிருக்கும். நூல் அறுந்துபோகும், அல்லது மரத்தில் கோடு விழும்.

சாட்சியில் கண்ணையும் காதையும் கலந்துவிடாதீர்கள். “ஆச்சி, அவுக உள்ள போனதை நீங்க பாத்தீகளா?” “காப்பி குடிச்சாக. பெறகு கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. அவுகதான் போயிருப்பாக.” ஆச்சி சொன்னதில் பொய் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் அவர் பார்த்தது காப்பி குடித்ததை மட்டும்தான். இந்த இடைவெளியில்தான் உங்கள் விடை ஒளிந்திருக்க வேண்டும். ஆச்சி கடிகாரம் பார்த்து நேரம் சொல்வதுபோல் எழுதினால் இடைவெளியும் போய்விடும், பேச்சும் செயற்கையாகிவிடும்.

கண்ணாடி உத்தியைப் பயன்படுத்துகிறவர்கள் கணக்குப் போட வேண்டும். 1865-இல் லண்டன் மேடையில் காட்டிய ‘ஸ்பிங்க்ஸ்’ தந்திரம் இதே அடிப்படைதான்: மேசைக் கால்களுக்கு நடுவே சாய்வாக நின்ற கண்ணாடிகள் பக்கத்துத் திரையைக் காட்ட, அது பின்னால் உள்ள திரை என்று பார்ப்பவர்கள் நம்பினார்கள். வளவின் நான்கு பக்கமும் ஒரேமாதிரித் தூண்கள் நிற்பது இதற்கு வசதி. எதிரே நிற்பவரின் பார்வையில் 2 அடி அகலத்தை மறைக்க, 45 பாகையில் நிற்கும் கண்ணாடி சுமார் 2 அடி 10 அங்குலம் இருக்க வேண்டும். தரை கறுப்பு-வெள்ளைக் கட்டமாக இருந்தால் கண்ணாடியைக் கல்லின் மூலைவிட்டத்தில் நிறுத்துங்கள். பிம்பத்துக் கட்டங்கள் பிசகாமல் சேரும். தரையின் ஓரத்தில் கரைக்கல் ஓடும் இடத்தில் வைத்தால் கரை உடைந்து தெரியும். கண்ணாடியின் ஓரம் தூணுக்குப் பின்னால் மறையட்டும். கேமராவை மட்டும் நகர்த்தாதீர்கள், இரண்டடி தள்ளினாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேமரா பொய் சொல்லக்கூடாது. ஆள் மறையும் கணத்தில் ‘கட்’ செய்வது பார்ப்பவருக்குச் செய்யும் துரோகம். அறைக்குள் போவதிலிருந்து கதவு சாத்தும்வரை ஒரே ஷாட்டாக இருக்கட்டும். விடையை விளக்கும்போது அதே இடத்தில் கேமராவை வைத்து, அதே ஷாட்டைத் திரும்பப் போடுங்கள். முதல் தடவை கவனிக்காத பின்வாசல் வெளிச்சம் மறைந்து வருவதை அப்போது அவர்களே பார்ப்பார்கள்.

சட்ட விஷயத்தில் கதையில் பெரிய ஓட்டை ஒன்று அடிக்கடி விழுகிறது. பங்காளி காணாமல் போனதும் அவர் பங்கு மறுவாரமே கைமாறிவிடுவதாக எழுதுவார்கள். அப்படி நடக்காது. காணாமல் போனவர் சட்டத்தின் கண்ணில் இறந்தவர் அல்ல. இயல்பாகத் தகவல் தெரிந்திருக்கக்கூடியவர்களுக்கு 7 ஆண்டுகள் எந்தச் சேதியும் இல்லை என்றால், உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 111-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. எந்தத் தேதியில் இறந்தார் என்பதை அந்த 7 ஆண்டுகள் சொல்லாது. அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். ஆகவே பங்குக்காக ஒருவரை ‘மறைய’ வைப்பவன் அவசரக்காரனாக இருக்க முடியாது. அவசரப்படுபவனுக்கு வேண்டியது பிணம். கொலையாளியின் குணத்தையே இந்த ஒரு விதி மாற்றிவிடும்.

கடைசியாக நிழல். விடை நேரத்தை நம்பியிருந்தால் வளவுக்குள் விழும் வெயில்தான் உங்கள் கடிகாரம். காரைக்குடி வட்டாரத்தில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் பகல் 12:15 வாக்கில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். தூண் நிழல் தூணடியிலேயே சுருங்கிவிடும். ஜூனில் உச்சிவேளை நிழல் தெற்கே சாயும், டிசம்பரில் வடக்கே நீளும். ஜூனில் பாதியும் டிசம்பரில் பாதியும் எடுத்து ஒரே நாள் என்று ஒட்டினால் நிழல் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும். மறையும் காட்சியையும் கதவு உடைக்கும் காட்சியையும் அடுத்தடுத்த நாள்களில், அதே வேளையில் எடுங்கள். முதல் நாளே நிழலின் நுனி எந்தக் கல்லில் விழுகிறது என்று சாக்பீஸால் குறித்து, மணியோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.